ஜோலி அண்ணாச்சியும் நானூற்றைம்பது கல்யாணப் பத்திரிகைகளும்

எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் ஒரு மனிதனைப் பார்த்து அவன் யார் என்று தீர்மானமாகச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கிழக்கேகோட்டைக்குள் பள்ளிகொண்டிருக்கும் பத்மநாபசுவாமி. அவர் சொல்வதில்லை. இன்னொருவர் பழவங்காடியில் ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டிருந்த ஜோலி அண்ணாச்சி. அவர் சொல்லாமல் விட்டதில்லை.

அவருடைய சொந்தப் பெயரை நான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதிய கதை கடைசியில் வரும். எங்கள் ஊர்ப் பேச்சில் வேலைக்கு ஜோலி என்று பெயர். எதிரே யார் வந்து நின்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “உமக்கு என்ன ஜோலி வே?” என்பதுதான். சீல் செய்ய வந்த டாக்டரிடமும் கேட்பார், சுண்டல் விற்கிறவரிடமும் கேட்பார். ஒரு தடவை ஒரு நீதிபதி காரை நிறுத்தி வழி கேட்டார். பதில் சொன்ன பிறகுதான் அவருக்கு வழி கிடைத்தது.

கடை ஐந்தடிக்கு ஏழடி. நான் அளந்திருக்கிறேன். எனக்கு ஒரு சர்க்கார் அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் வேலை. எதையும் எண்ணாமல் விட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கடையில் மூன்று முக்காலி, ரப்பரை அச்சில் அழுத்த ஒரு சூட்டுப் பிரெஸ், இருபத்திரண்டு மைப்புட்டி. அண்ணாச்சியின் வலது கட்டைவிரல் பிறவியிலேயே ஊதா என்று பல பேர் நம்பினார்கள்.

ஊரில் பாதி அலுவலகங்களுக்கு அவர்தான் சீல் செய்தார். முப்பது வருஷம் மற்றவர்களுடைய பதவிப் பெயர்களை அச்செழுத்தில் தலைகீழாகக் கோத்துக் கோத்து, பதவிப் பெயர் என்றாலே அவருக்கு ஓர் ஏளனம் வந்துவிட்டது. “நாக்கு சொல்றது டெசிக்னேஷன். கை சொல்றதுதான் ஜோலி” என்பார்.

இந்த நேரத்தில்தான் அவர் கையில் அந்தப் புத்தகம் சிக்கியது. இந்தியாவில் மனிதர் செய்யும் அத்தனை வேலைகளையும் வகை பிரித்து, எண் போட்டு, இன்ன வேலைக்காரன் இன்னின்ன செய்வான் என்று நாலைந்து வரி விவரமும் எழுதிய சர்க்கார் புத்தகம். வேலை கேட்டுப் பதிகிற அலுவலகத்தில் அதைப் பார்த்துத்தான் ஆளுக்கொரு எண் கொடுப்பார்கள். அண்ணாச்சியின் பிரதி சாலைக் கடைத்தெருவில் பழைய பேப்பர் விலைக்கு வந்தது. அவர் கண்ணில் படுமுன் பலசரக்குக் கடைக்காரர் பதினொரு தாளைக் கிழித்துப் புளி மடித்துக் கொடுத்துவிட்டார். அண்ணாச்சி ஆறு மாதம் அந்தக் கடையிலும், அங்கே புளி வாங்கியவர்கள் வீட்டிலும் அலைந்தார். ஏழு தாள் மீண்டது. நாலு தாள் போனது போனதுதான்.

புத்தகம் வந்த பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ஒருவனுடைய ஜோலி என்ன என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், ஒரு முழு நாள் அவன் பின்னாலேயே நடப்பார். கால் மணிக்கு ஒரு தடவை, அந்த நேரத்தில் அவன் கை என்ன செய்கிறது என்று நோட்டில் ஒரு வரி எழுதுவார். வாயைக் கேட்கவே மாட்டார். கை எதை அதிகம் செய்ததோ அதுதான் அவன்.

வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை ஃபாக்டரியிலிருந்து ஒருவர் கடைக்குப் பக்கத்துக் கணபதி கோயிலில் தேங்காய் உடைக்க வந்தார். அண்ணாச்சி வழக்கம்போலக் கேட்டார்.

“கூலி” என்றார் அவர்.

“கூலி நீரு வாங்குறது வே. செய்யுறது என்ன?”

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாகக் கூலி என்றே எழுதியிருந்தார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டு மலையேறினார். மாலையில் திரும்பியபோது காலில் பதினான்கு அட்டை. நான்தான் உப்பு வைத்து எடுத்தேன். ஒவ்வொன்றாக எடுக்கும்போதும் அவர் வலியைப் பற்றிப் பேசவில்லை. “பாய்லர் அட்டெண்டர் வே. கூலியாம் கூலி. அந்த மனுஷன் ஆவியோட சத்தத்தைக் கேட்டே அழுத்தத்தைச் சொல்லுகாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சரியான எண்ணோடு திரும்பப் பதிந்த அந்தக் கூலி, ஒன்றரை வருஷத்தில் பஹ்ரைனில் இருந்தார். அங்கிருந்து வந்த முதல் கடிதத்தில் விலாசத்துக்கு மேலே, ‘பழவங்காடி கணபதிக்குப் பக்கத்து சாமிக்கு’ என்று எழுதியிருந்தது.

அப்படிப் போனவர்கள் எல்லோரும் அவருக்கு எழுதினார்கள். எந்த நாட்டில் எந்த வேலைக்கு ஆள் தேவை, குடியேற விண்ணப்பித்தால் எதற்கு எத்தனை மதிப்பெண், எது ஆள் தேவைப் பட்டியலிலிருந்து போய்விட்டது என்று நீலக் கடிதங்கள் வந்தபடி இருக்கும். கம்பியில் குத்தி வைத்திருப்பார். அந்தக் கம்பியைப் பார்ப்பதற்காகவே ஜூன் மாதத்தில் பிரீடிகிரி தேறிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தகப்பன்மார் வரிசையில் நிற்பார்கள். பி.ஏ.வா, பி.எஸ்ஸி.யா, பாலிடெக்னிக்கா என்று பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டியதை ரப்பர் ஸ்டாம்பு கடையில் கேட்டார்கள்.

எங்கள் தெரு ஹெட்மாஸ்டரின் மகன் வேலாயுதம் அந்தக் கம்பிக்கு அடிமை. படம் வரைகிறவர்களுக்குப் பட்டியலில் மதிப்பெண் என்று கேட்டு டிராஃப்ட்ஸ்மேன் படிப்பில் சேர்ந்தான். பட்டியல் மாறியது. எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்புக்குத் தாவினான். அதுவும் மாறியது, இன்னொன்றுக்குத் தாவினான். நாலு வருஷத்தில் மூன்று படிப்பு, மூன்றும் பாதி.

“அண்ணாச்சி, இப்ப லிஸ்ட்ல என்ன இருக்கு?”

“லிஸ்ட்ல உள்ளது கெடக்கட்டு. உன் கைக்கு என்னலே வரும்?”

“எது இருக்கோ அத வர வச்சிருவேன்.”

“மக்கா, லிஸ்டுங்கது அவனுகளுக்கு இன்னிக்கு உள்ள பசி. நீ மூணு வருஷம் ஆக்கி எறக்கதுக்குள்ள அவன் கை கழுவிட்டு எந்திச்சிருவான்.”

சொல்லிவிட்டு அவன் பின்னால் ஒரு நாள் நடந்தார். அந்த ஒரு நாளில், யாரும் கேட்காமலே, வேலாயுதம் மூன்று வீட்டு ரேடியோவைப் பிரித்திருந்தான். இரண்டைத் திரும்பப் பூட்டியும் இருந்தான். அண்ணாச்சி அவனை ரேடியோ மெக்கானிக் படிப்பில் சேர்க்கச் சொன்னார். பி.ஏ. வாங்க வேண்டிய பையன் கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துவிட்டார் என்று ஹெட்மாஸ்டர் எட்டு மாதம் அந்தக் கடை இருக்கிற பக்கமே நடக்கவில்லை. கடைசியில் வேலாயுதம் எந்த நாட்டுக்கும் போகவில்லை. கரமனையில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டான். ஹெட்மாஸ்டர் ரிட்டயராகி அந்தக் கடையில்தான் பேப்பர் படித்தார்.

இத்தனையும் பக்கத்திலிருந்து பார்த்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

என் தங்கை கமலத்துக்கு மாப்பிள்ளை பார்த்தது நான். அப்பா இல்லை. மாப்பிள்ளை சிதம்பரம், ஊருக்குத் தெற்கே ஒரு சின்னப் பட்டறையில் டர்னர். லேத்தில் இரும்பைக் கடைந்து பாகங்கள் செய்கிற வேலை. நல்ல பையன், அதிர்ந்து பேசமாட்டார். எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, பத்திரிகை அச்சடிக்க உட்காரும்வரை. எங்கள் பக்கத்தில் மணமகன் பெயருக்குக் கீழே அவர் உத்தியோகத்தைப் போடுவது வழக்கம். போடாமல் விட்டால் ஏதோ மறைக்கிறார்கள் என்பார்கள். ‘டர்னர்’ என்று எழுதிப் பார்த்தேன். நாகர்கோவிலில் இருக்கும் என் பெரியப்பாக்கள் மூன்று பேரும் கண் முன்னால் வந்து நின்றார்கள். அடித்துவிட்டு, ‘அசிஸ்டென்ட் மேனேஜர்’ என்று எழுதினேன். நானூற்றைம்பது பிரதிகள்.

ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அண்ணாச்சி மட்டும் பத்திரிகையைப் படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். “ம்” என்றார்.

இரண்டு வருஷத்தில் பட்டறையில் ஆர்டர் குறைந்தது. மூன்று லேத்தில் இரண்டை விற்றார்கள். மூன்றாவது எப்போது போகும் என்பதுதான் கேள்வி. கமலத்துக்கு அப்போது மாதம் ஐந்து. அந்தச் சமயத்தில் கனடாவில் டர்னர்களுக்கு நல்ல மதிப்பெண் என்று நீலக் கடிதம் வந்தது. சிதம்பரம் விண்ணப்பம் போட்டார். படிவத்தில் ‘டர்னர்’ என்று உண்மையைத்தான் எழுதினார். கல்யாணத்துக்குச் சான்று கேட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் எங்களில் யார் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள்? ஒரு போட்டோவும் கல்யாணப் பத்திரிகையும் சேர்த்தோம். குண்டூசி குத்தியது நான்.

தில்லியிலிருந்த கனடா அலுவலகத்திலிருந்து ஒன்பது வாரத்தில் பதில் வந்தது. படிவத்தில் டர்னர் என்றிருக்கிறது, பத்திரிகையில் அசிஸ்டென்ட் மேனேஜர் என்றிருக்கிறது, எது உண்மை? ஆறு வாரத்துக்குள் சான்று அனுப்பவும். அந்த வருஷப் பட்டியலில் அசிஸ்டென்ட் மேனேஜருக்கு மதிப்பெண் சைபர். வேலையில் சைபர் விழுந்தால் மற்றவற்றில் எவ்வளவு வாங்கினாலும் பிரயோசனமில்லை.

பட்டறை முதலாளியிடம் ஓடினோம். அவர் சந்தோஷமாக அனுபவச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து படித்தால், ‘எங்கள் அசிஸ்டென்ட் மேனேஜர் திரு. சிதம்பரம்’ என்று இருந்தது. திரும்பப் போய்க் கேட்டேன்.

“கல்யாணப் பத்திரிகையில நீங்கதான சார் போட்டிருந்திய? அதுலருந்து நானும் அப்படித்தான் எல்லாவர்ட்டயும் சொல்லுகேன். பட்டறைக்கும் ஒரு கௌரவம்லா” என்றார் முதலாளி.

கமலம் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “அண்ணே, டர்னரா இருந்தப்ப மூணு வேளை சாப்பிட்டாரு. நீ மேனேஜராக்கினதுல இருந்து ரெண்டு வேளைதான் சாப்பிடுகாரு.”

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். நேரே பழவங்காடிக்குப் போனேன்.

அண்ணாச்சி கடிதத்தைப் படித்தார். நான் குரலைத் தாழ்த்தி, “அண்ணாச்சி, அந்தப் பட்டறை சீல் நீங்க செஞ்சதுதானே. அச்சு இங்கதான் இருக்கும். இன்னொரு சீல் போட்டா, சான்றிதழ நானே டைப் அடிச்சு...” என்றேன்.

அவர் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த மாதிரி நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார். ஊரில் உள்ள சீல்கள் எல்லாம் அதில் பதிந்திருந்தன.

“நான் நெனச்சா மத்தியானச் சோத்துக்கு முந்தி உம்மை தாசில்தாராக்கிருவேன். ஆக்கட்டா?”

“வேண்டாம் அண்ணாச்சி.”

“ஏன் வே?”

“நான் தாசில்தார் இல்லையே.”

“பின்னே மாப்பிள்ளையை மட்டும் ஏன் வே ஆக்கினேரு?”

வெளியே கோயிலில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். ஏழு உடைந்தது. எண்ணினேன், வேறென்ன செய்வது.

மறுநாள் நான் லீவு போட்டேன். அண்ணாச்சி கடையைப் பூட்டினார். இருவரும் எட்டு மணிக்குப் பட்டறையில் ஆஜர். சிதம்பரம் என்னைப் பார்த்து, “அத்தான், நீங்க எங்க இங்க?” என்றார். அண்ணாச்சி அவரைப் பேசவே விடவில்லை. “எங்களப் பாக்காதேயும். உம்ம பாட்டுக்கு ஜோலியப் பாரும்” என்று சொல்லிவிட்டு, எண்ணெய்ப் பீப்பாயின் மேல் நோட்டோடு உட்கார்ந்தார். நேரம் சொல்வது என் பொறுப்பு.

கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குப் பிறகு, என் தங்கை கணவருடைய வேலையை அன்றைக்குத்தான் பார்த்தேன். மீன்பிடி வள்ளத்தின் எஞ்சினுக்கு ஒரு தண்டு. சுழலும் இரும்பில் சிதம்பரம் உளியைத் தொடவைத்தார். நீலநிறச் சுருள் ஒன்று முடிபோல மெல்லிசாக, அறுந்துவிடாமல் வந்துகொண்டே இருந்தது. நிறுத்தி, அளக்கும் கருவியை வைப்பதற்கு முன்னால் விரலால் தடவி, “இன்னும் ஒரு நூலிழை” என்று தனக்குத்தானே சொன்னார். கருவியும் அதையே சொன்னது. பத்து வருஷம் எண்களோடு குடும்பம் நடத்திய எனக்கு, ஒரு விரல் நுனி எண்ணுவதைப் பார்க்க உடம்பு சிலிர்த்தது.

அண்ணாச்சி என் பக்கம் குனிந்தார். “இவரையா வே அசிஸ்டென்ட் மேனேஜர்னு போட்டேரு? எறக்கிட்டேரே வே.”

மத்தியானச் சாப்பாடு போக மொத்தம் முப்பத்துநாலு கால் மணி. லேத்தில் இருபத்தேழு. அளப்பதில் மூன்று. உளி தீட்டுவதில் இரண்டு. டீ ஒன்று. முதலாளி முன்னால் கை கட்டி நின்றது ஒன்று. மேனேஜருக்குரிய காரியம் எதுவும் பதிவாகவில்லை. முதலாளி அதை வரிக்கு வரி படித்தார். தன் பட்டறையில் இத்தனை நடக்கிறது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, அண்ணாச்சி செய்து கொடுத்த அசல் சீலை வைத்தார்.

“இனி பத்திரிகைக்கு என்ன செய்ய?” என்றேன்.

“பொய் எழுதினது யாரு?”

“நான்.”

“அப்ப நீருதான் எழுதணும்.”

அண்ணாச்சி சொல்லச் சொல்ல எழுதினேன். ‘மணமகளின் அண்ணனாகிய நான், மணமகனின் வேலை இன்னதென்று நன்றாகத் தெரிந்திருந்தும், உறவினர் முன் தலைகுனிய நேருமோ என்ற பயத்தால், அவரை அசிஸ்டென்ட் மேனேஜர் என்று அச்சிட்டேன். அந்தப் பட்டறையில் அப்படி ஒரு பதவி கிடையாது. அந்தப் பட்டறையில் மேனேஜரே கிடையாது.’

“எத்தன அடிச்சேரு?”

“நானூற்றைம்பது.”

“அதயும் போடும்.”

அதை ஆங்கிலத்தில் ஆக்கி, முத்திரைத்தாளில் டைப் அடித்து, வஞ்சியூரில் ஒரு நோட்டரி வக்கீலிடம் கொண்டுபோனேன். மலையாளி. மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். “இதெந்தா சாரே, குற்றசம்மதமோ?” என்றார். ஆமாம், குற்ற ஒப்புதல்தான் என்றேன். இன்னொரு முறை படித்தார். குமாஸ்தாவை வெளியே அனுப்பினார். பிறகு மெதுவாக, “என்றெ மோளுடெ கல்யாணக்குறியில் ஞானும் இதுதன்னெ செய்து” என்றார். மகளின் கல்யாணப் பத்திரிகையில் மருமகன் விஷயத்தில் அவரும் இதையேதான் செய்திருக்கிறார். சீலை அழுத்திக் குத்தினார். அதுவும் அண்ணாச்சி செய்த சீல்தான்.

தில்லியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சிதம்பரம் போய்விட்டு வந்து சொன்னது இது. அதிகாரி என் வாக்குமூலத்தைப் படித்து, அடுத்த அறையிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தாராம். இருவரும் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்களாம். பிறகு அண்ணாச்சியின் நோட்டை எடுத்து, உளியை எப்படித் தீட்டுவாய், எந்த இரும்புக்கு எந்தக் கோணம் என்று அரைமணி நேரம் கேட்டாராம். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: இந்த நோட்டை எழுதியவருக்கு என்ன வேலை?

“ரப்பர் ஸ்டாம்பு செய்யுறவருன்னு சொன்னேன் அத்தான். அவரு நம்பல” என்றார் சிதம்பரம்.

விசா வந்த அன்று கமலம் பழவங்காடி கணபதிக்கு முப்பத்துநாலு தேங்காய் உடைத்தாள், நோட்டிலிருந்த ஒவ்வொரு கால் மணிக்கும் ஒன்று வீதம். ஒன்று உடையாமல் உருண்டது. அது டீ குடித்த கால் மணி என்று அண்ணாச்சி கடையிலிருந்தே சொன்னார். குழந்தை பிறந்து ஏழாம் மாதம் மூவரும் போனார்கள். என் தங்கை அங்கிருந்து எனக்கு இருநூற்றுப்பன்னிரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறாள். அவற்றில் அண்ணாச்சியை விசாரிக்காத கடிதம் ஒன்றுகூட இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. சர்க்கார் ஊழியர்களை வீடு வீடாக அனுப்பினார்கள். என் பங்குக்கு வந்த வீடுகளில், ரப்பர் ஸ்டாம்பு கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையும் ஒன்று. குடும்பம் என்று அவருக்கு யாரும் இல்லை. பெயர் கேட்டு எழுதினேன். யாரோ அந்நியர் பெயர் மாதிரி இருந்தது. அடுத்தது தொழில். நான் கேட்க வேண்டிய கேள்வி அவருடைய கேள்விதான்.

“அண்ணாச்சி, உங்களுக்கு என்ன ஜோலி?”

அவர் வேட்டியில் கையைத் துடைத்தார். தன் இடத்திலிருந்து எழுந்து, வருகிறவர்கள் உட்காரும் முக்காலியில் வந்து உட்கார்ந்தார். அந்த முகத்தில் பயம் போல ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“என்ட்ட கேக்காதேயும். பாத்து எழுதும்.”

எனக்கு இன்னும் முப்பத்தெட்டு வீடு பாக்கி. ஆனாலும் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நோட்டோடு வந்து உட்கார்ந்தேன். கால் மணிக்கு ஒரு வரி. மாலை ஆறு வரை முப்பத்தாறு வரிகள். சீல் செய்தது ஐந்து. கடிதம் படித்தது நாலு. ஒரு கொத்தனாரின் உள்ளங்கையைப் பார்த்தது, ஒரு நர்ஸின் சான்றிதழைத் திருத்தியது, படிப்பை விட்டுவிட்டு வந்த ஒரு பெண்ணைத் திரும்பப் படிக்கச் சொல்லி வாதாடியது, எல்லாம் சேர்த்து இருபத்தேழு.

“கை அதிகம் எதைச் செஞ்சுதோ அதுதானே அண்ணாச்சி?”

“அதுதான் சட்டம்.”

“அதுக்குப் பேரு என்ன?”

அவர் புத்தகத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். விளக்கு வைக்கும் நேரம்வரை இருவரும் தேடினோம். முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை பார்த்தோம். இல்லை.

அண்ணாச்சி மூடிய புத்தகத்தின் மேல் ஊதா விரலை வைத்தார். “அந்த நாலு தாள்ல இருந்திருக்கும் வே” என்றார்.

படிவத்தில் தொழிலுக்கு விட்டிருந்த இடம் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ‘ரப்பர் முத்திரை செய்பவர்’ என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, “மதி” என்றார். போதுமாம்.

அவர் போய் இருபத்தாறு வருஷம் ஆகிறது. என் வாழ்நாளில் எழுத்தில் நான் எழுதிய பொய்கள் இரண்டு. இரண்டிலும் ஒரு மனிதரை இறக்கித்தான் எழுதினேன். முதலாவதற்கு வஞ்சியூரில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இரண்டாவதற்கு, இதன் அடியில் இப்போது போடுகிறேன்.